பாத்துக்கலாங்க என்ற சொல்லுக்கு ஆங்கிலம்

நான் வேலை பார்த்த திருப்பூர் ராயபுரத்து அலுவலகத்தைக் காலி செய்கிறார்கள். போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். முதுகில் ‘சிச்சுவேஷன்’ என்று எழுதிய தடித்த ஃபைல் ஒன்று கிடக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போடுங்கள் என்றேன். வைத்துவிட்டுத் திரும்பியதும் இரண்டாயிரத்து இரண்டாம் வருடத்து மே, ஜூன் மாதங்கள் அப்படியே ஞாபகத்துக்கு வந்துவிட்டன. காகிதம் போனால் போகட்டும், நடந்ததையாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பும் பயிற்சியும் நாலு வரியில் அடங்கிவிடும். அப்பா தறி ஓட்டியவர். நான் கோயம்புத்தூரில் ஆங்கிலம் படித்தேன், தட்டச்சில் ஹையர் முடித்தேன். எண்பதுகளின் நடுவில், பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டெலக்ஸ் இயக்கச் சேர்ந்தேன். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மெயில் வந்தது, என் பதவிக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர் வைத்தார்கள். வேலை மட்டும் மாறவில்லை. முதலாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள், நாங்கள் பையர் என்று சொல்பவர்கள், ஆங்கிலத்தில் எழுதுவதை முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

முதலாளி பெயர் நாச்சிமுத்து. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார், பேச வராது. அது ஒரு குறை என்று அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. அவரிடம் கடிதம் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. அவர் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். ஆங்கிலத்தில் அடித்த பிறகு, அதை மறுபடி தமிழில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்காவது நாம் கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தால் ஒரு விரல் தூக்குவார். அந்த வரி போய்விடும். பிறகு டீ வரும். டீ குடித்து முடிக்கும்வரை கடிதம் மேசையிலேயே இருக்கும். அவசரம் என்று நான் சொன்னால், அவசரத்தில் இருப்பது அவர்கள்தானே அம்மிணி என்பார். கொங்குப் பக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. முப்பது வருடமும் நான் அவருக்கு அம்மிணிதான்.

முடியாது என்று அவர் யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிக் கேட்டதில்லை. எதற்கும் பாத்துக்கலாங்க என்பார். ஒரே சொல்தான், அதில் மூன்று சரக்கு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னால், கவலைப்படாதே, நான் செய்து தருகிறேன் என்று பொருள். பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னால், நடக்காது, இத்தோடு விட்டுவிடு என்று பொருள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால், எனக்கும் தெரியாது, சாமி விட்ட வழி என்று பொருள். எந்தப் பாத்துக்கலாங்க என்று கண்டுபிடித்து அதற்கேற்ற ஆங்கிலத்தைப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. மூன்றாவது வகை வரும்போதெல்லாம் நான் ஒரு சின்ன மோசடி செய்வேன். அதையும் முதல் வகையாக மாற்றி, தயவுசெய்து கவலை வேண்டாம் என்றே எழுதிவிடுவேன். பல வருடம் அது ஓடியது.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பரில் டெல்லியில் பாராளுமன்றத்தைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாடுகளும் எல்லைக்குப் படையை நகர்த்தின. நம் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ரயிலும் பஸ்ஸும் நின்றன. விமானங்கள் கடக்காதபடி வானத்தையும் பூட்டினார்கள். திருப்பூரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லை எங்கேயோ இருந்தது, எங்களுக்கு நூல் விலைதான் கவலை.

அடுத்த மே மாதம் எல்லைப் பக்கத்தில் இன்னொரு தாக்குதல் நடந்தது. இந்த முறை வெளிநாட்டு அரசாங்கங்கள் தங்கள் மக்களுக்கு எச்சரிக்கை விட ஆரம்பித்தன. இந்தியாவுக்குப் போகலாமா கூடாதா என்று அவர்கள் இணையத்தில் போடும் அறிவிப்பு அது. தினமும் காலையில் அதைப் பிரிண்ட் எடுத்து, முந்தின நாள் பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்ப்பேன். அந்தத் தாள்கள்தான் சிச்சுவேஷன் ஃபைல். ஒரு நாள், எல்லை மாவட்டங்களைத் தவிர்க்கவும் என்றிருக்கும். இரண்டு நாள் கழித்து, அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கவும் என்றாகும். அப்புறம் ஒரு நாள் ‘அவசியமில்லாத’ என்ற சொல் காணாமல் போகும். ஒரு சொல் போனதற்கு அன்று முழுக்கத் திருப்பூரில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். போர் என்ற சொல்லை மட்டும் யாரும் எழுதவில்லை. கவலை அளிக்கிறது, கூர்ந்து கவனிக்கிறோம் என்றே எழுதினார்கள். அரசாங்கங்களும் எங்கள் முதலாளி மாதிரிதான் பேசுகின்றன என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில், அங்கே இருப்பவர்கள் கிளம்புவதைப் பற்றி யோசிக்கவும் என்று வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

எங்களுக்கு அப்போது ஒரே ஒரு பெரிய விஷயம் இருந்தது. முதலிபாளையத்தில் புது யூனிட் போட்டிருந்தோம். ஐரோப்பாவில் ஒரு பையர், குழந்தைகளுக்கான இரவு உடை ஆர்டர், அந்த ஒரு ஆர்டரை நம்பி மெஷின் இறக்கியாயிற்று. அந்தக் கம்பெனியின் ஆள் வில்லெம். ஏழு வருடமாக வந்து போகிறவர், முதலாளி வீட்டில் கையால் சாப்பிடப் பழகியவர். ஜூன் முதல் வாரம் அவர் வந்து யூனிட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் துணியில் கத்தரி வைக்க முடியும். அது அவர்கள் கம்பெனிச் சட்டம்.

யூனிட்டுக்கு சூப்பர்வைசர் ஜெபராஜ், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். தையலுக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டதும், தன் ஊரிலிருந்தே, தன் குடும்பத்தையும் சேர்த்து, இருபத்தாறு குடும்பங்களைப் பேசி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஊர்ப் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு அங்கே இடம் போய்விடும். வாங்காமல் வந்தால் இங்கே சேர்க்க மாட்டார்கள். அதனால் அவர் மே கடைசியில் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“எக்கா, பேப்பர்ல என்னென்னமோ போட்டுருக்கான். அந்த வெள்ளைக்காரர் வருவாரா? பிள்ளையளுக்கு டி.சி. வாங்கச் சொல்லட்டுமா?”

அப்போது என் கையில் அன்றைய பிரிண்ட் இருந்தது. தலையைத் தூக்காமலே, பாத்துக்கலாங்க ஜெபராஜ் என்றேன். மூன்றாவது வகை. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். அவர் சரிக்கா என்று சந்தோஷமாகப் போனார். ஏன் சந்தோஷம் என்று நான் யோசிக்கவில்லை.

அதே வாரத்தில் வில்லெம் ஃபேக்ஸ் அனுப்பினார். மெயில் வந்த பிறகும் முக்கியமானதை அவர் கையால் எழுதி ஃபேக்ஸில்தான் அனுப்புவார். கம்பெனி போகாதே என்கிறது, போனால் காப்பீடு செல்லாது என்கிறது. ஆனாலும் உங்களை நம்பி வருகிறேன். வந்து போவது பத்திரம்தான், சரக்கும் சொன்ன நாளுக்குக் கப்பல் ஏறும் என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அதில்.

தமிழில் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“பாத்துக்கலாங்கன்னு எழுதிப்போடு அம்மிணி.”

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். தயவுசெய்து கவலை வேண்டாம் என்று அடிக்க விரல் வரவில்லை. அன்று காலைப் பேப்பரில் ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று வட்டம் போட்ட படம் வந்திருந்தது. வில்லெமுக்கு இரண்டு பெண் குழந்தைகள், அவர்களுடைய போட்டோவை எனக்குக் காட்டியிருக்கிறார். ஒரு மனிதனை வா என்று கூப்பிட எனக்கு என்ன தெரியும்? வீ வில் சீ என்று அடித்தேன். அகராதிப்படி அதில் பிழையே கிடையாது, ஆனால் வெளிநாட்டுக்காரர் காதில் உறுதி இல்லை என்றே அது விழும்.

வழக்கம்போல முதலாளிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பாத்துக்கலாம் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். கண்ணை மூடிக் கேட்டார். அவர் சொன்ன சொல் அவருக்கே திரும்பி வந்தது. விரல் எப்படித் தூக்குவார்? டீ குடித்தார், அனுப்பச் சொன்னார். எங்கள் சோதனை முறையில் அப்படி ஒரு ஓட்டை இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே பதில் வந்துவிட்டது. ஒளிவுமறைவில்லாமல் எழுதியதற்கு நன்றி, பயணத்தை ரத்து செய்கிறேன், இந்த சீசன் ஆர்டரைத் துருக்கியில் கொடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். முதலாளி, நாம என்ன எழுதினோம் என்று கேட்டார். சொன்னேன். கை தவறிவிட்டது என்றும் சொன்னேன். கை தவறவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை நான் முதலிபாளையம் போனேன். யூனிட் வாசலில் பாத்திர மூட்டை, பாய்ச் சுருள், தண்ணீர்க் குடம் எல்லாம் வரிசையாக இருந்தன. இருபத்தாறு குடும்பமும் வந்து இறங்கியிருந்தது. ஜெபராஜ் ஒரு பெரிய கவரை என்னிடம் கொடுத்தார். பிள்ளைகளின் டி.சி. மொத்தமும் அதில் இருந்தது. இங்குள்ள பள்ளித் தலைமையாசிரியரிடம் நான் பேசினால் மரியாதையாக இருக்கும் என்றார்.

யார் உங்களை வரச் சொன்னது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“நீங்கதானக்கா பாத்துக்கிடலாம்னு சொன்னீய. அக்கா சொல்லிட்டாங்க, எல்லாம் அவங்க பாத்துக்கிடுவாங்கன்னு நான் ஊருல சொல்லிட்டேம்லா.”

அவர்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நான் இருக்கிறேன், நீ கிளம்பி வா என்று அர்த்தம். ஒரு வாரத்துக்குள் ஒரே சொல்லால் வரவேண்டியவரை நிறுத்தினேன், நிற்க வேண்டியவர்களை வரவைத்தேன். நாற்காலி ஒன்றை இழுத்து யூனிட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  அந்தப் பெண்கள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று மதியம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளின் டி.சி.களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: சண்டை போட்ட நாட்டுக்காரர்கள் பேச வேண்டுமென்றால் மூன்றாவது நாட்டுக்குப் போகிறார்களே, நாமும் போனால் என்ன? இலங்கையில் அந்த வருடம்தான் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. இருபது வருடமாக எல்லோரும் போகப் பயந்த ஊர் அப்போது எங்களைவிடப் பத்திரமான ஊர். வில்லெமை அங்கே வரச் சொல்லலாம், யூனிட்டை வீடியோ எடுத்து சாம்பிளோடு கொண்டுபோகலாம் என்றேன். எழுதினேன். டீக்குக் காத்திருக்காமல் அனுப்பு என்று முதலாளி சொன்னது அந்த ஒரு முறைதான். வில்லெம் ஒப்புக்கொண்டார்.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. உலகத்துக்கெல்லாம் கடிதம் எழுதினேனே தவிர, தனுஷ்கோடியைத் தாண்டிப் போக வேண்டிய வேலை வந்ததில்லை. முதலாளி சாம்பிள் பெட்டியோடு திருச்சியிலிருந்து தனியாக விமானம் ஏறினார். கொழும்பில் ஹோட்டல் அறையில் அவரும் வில்லெமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டார்கள். ராயபுரத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் நடுவிலிருந்து மொழிபெயர்த்தேன்.

துணி, தையல், லேபிள், எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. கடைசியாக வில்லெம், போரே வந்தாலும் சரக்கு நாளுக்குக் கப்பல் ஏறுமா என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.  இரைச்சலுக்கு நடுவே முதலாளியின் குரல் வந்தது. பாத்துக்கலாங்க.

கண்ணாடி மூக்கில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் கேட்காததை அன்று கேட்டேன்.

“முதலாளிங்க, அப்படின்னா என்னங்க அர்த்தம்? செய்யறோம்னு சொல்லட்டுங்களா, முடியாதுன்னு சொல்லட்டுங்களா?”

“தெரியலைன்னு சொல்லு அம்மிணி. சண்டை வருமான்னு எனக்கு எப்படித் தெரியும்? வராட்டி நாளுக்கு ஏத்திப்போடுவேன். அதைமட்டும் சொல்லு.”

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வில்லெம் தன் மேலதிகாரிகளிடம் பேச ஒரு நாள் கேட்டார். மறுநாள் ஆர்டரில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டார். மீதிப் பாதி துருக்கிக்குப் போயிற்று. நாட்கள் குறைவு என்பதால், நூல் பிசிறு வெட்டுவதையும் செக்கிங்கையும் வெளி யூனிட்டுக்குக் கொடுத்து வாங்க அனுமதி கேட்டோம். கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். எங்கேயும் சிறுவர்கள் வேலை செய்யக் கூடாது, ஒருவர் இருந்தாலும் ஆர்டர் முழுக்க ரத்து. எல்லா பையரும் போடுகிற நிபந்தனைதான். பழக்கத்தில் டைப் அடித்தேன்.

பாதி ஆர்டருக்குப் பதினைந்து குடும்பம் போதும். பதினொன்று திரும்ப வேண்டும். யார் என்பதை ஜெபராஜையே சொல்லச் சொன்னார் முதலாளி. அவர் பத்துப் பேரைச் சொன்னார், பதினொன்றாவதாகத் தன் பெயரைச் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்தவன் இருந்துகொண்டு, வந்தவர்களை அனுப்பினால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை.

திரும்புகிற பிள்ளைகளுக்காக ஊர்த் தலைமையாசிரியருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், கையால். இவர்கள் டி.சி. வாங்கியது என் தவறான பேச்சை நம்பி, தண்டனை பிள்ளைகளுக்கு வேண்டாம், தயவுசெய்து மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் என் பெயரில் எழுதிய கடிதம் அது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் அதை ஜெபராஜிடம் கொடுத்துவிட்டு, மன்னிச்சிருங்க என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய மகள் ஸ்டெல்லாவை மட்டும் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். சித்தி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள் என்றார்.

ஜூன் நடுவிலிருந்து இறுக்கம் தளர்ந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் இரண்டு தலைநகருக்கும் வந்து போனார்கள். பூட்டிய வானம் கொஞ்சம் திறந்தது. காலைப் பிரிண்ட்டில் ‘அவசியமில்லாத’ என்ற சொல் திரும்பி வந்தது, அப்புறம் எச்சரிக்கையே போய்விட்டது. போர் வரவில்லை, எல்லோரும் பொறுமையாக நடந்துகொண்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைதான்.

ஜூலையில் ஊர்த் தலைமையாசிரியரிடமிருந்து கார்டு வந்தது. பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டதாகவும், எட்டாம் வகுப்புக்கு வரவேண்டிய ஸ்டெல்லா மட்டும் வரவில்லை, திருப்பூரிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்படுவதாகவும் எழுதியிருந்தார்.

சித்தி வீடு அனுப்பர்பாளையத்தில் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த ஒரு யூனிட்டைக் காட்டினார்கள். அது எங்களுக்குப் பிசிறு வெட்டித் தருகிற யூனிட்தான். உள்ளே மேசையைச் சுற்றி எட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள், ஸ்டெல்லா நடுவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த யூனிட்டின் மேனேஜர், எல்லாம் பதினெட்டு முடிஞ்ச பிள்ளைகதானுங்க அக்கா என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

“உனக்கு எத்தனை வயசு கண்ணு?”

“பதினெட்டுக்கா.”

அவள் பிறந்த தேதியை நான் டி.சி.யில் பார்த்திருந்தேன். அங்கே வாயைத் திறந்தால் ஆர்டர் போகும், தங்கிய பதினைந்து குடும்பமும் அடுத்த பஸ்ஸில் போகும். திறக்காவிட்டால் இவள் இங்கேயே நிற்பாள். இந்த முறை மொழிபெயர்க்க எதுவும் இல்லை, எல்லோரும் தெளிவாகத்தான் பேசினார்கள். சரி கண்ணு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்கு எனக்கு இன்றுவரை மன்னிப்பு கிடையாது, கேட்பதற்கு அவள் எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. குழந்தைகள் உடுப்பில் அளவை வயதில்தான் போடுவோம். அவள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பைஜாமாவின் லேபிளில் பன்னிரண்டு–பதின்மூன்று என்று போட்டிருந்தது. அவளுக்குச் சரியாக இருந்திருக்கும்.